திரிந்த பாலும் ஹூக்ளிப் போர்த்துகீசியரும்

சந்தேஷ், ரசகுல்லா போன்ற வங்க இனிப்புகளின் வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் கே. டி. அச்சயாவின் வழியிலேயே போயிருக்கிறார்கள். 1994இல் வெளியான நூலில் அவர் வைத்த வாதம் இது: பாலைப் புளிப்பிட்டுத் திரிப்பது ஆரிய வழக்கில் விலக்கு. ஹூக்ளிக் கரையில் குடியேறிய போர்த்துகீசியர் பாலாடைக்கட்டி செய்ததால் அவ்விலக்கு தளர்ந்தது. அதன்பின் 'சானா' எனும் திரித்த பால்கட்டி வங்க மிட்டாய்க்காரர்களின் மூலப்பொருளாயிற்று.

கண்ணன் கதைகளில் தயிரும் வெண்ணெயும் நெய்யும் வழிகின்றன, சானா இல்லை. நம் வீடுகளிலும் பால் திரிந்தால் முகம் சுளிக்கிறோம். ஆக, விலக்கு என்ற பகுதியை நான் மறுக்கவில்லை. ஆனால் அது நாடு முழுமைக்கும் பொதுவாக இருந்தது என்பதையும், போர்த்துகீசியர்தாம் அதை உடைத்தார்கள் என்பதையும் ஏற்க இயலவில்லை.

இவ்வாதத்துக்குப் பெருந்துணையாகக் காட்டப்படுவது 1660களில் வங்கத்தைக் கண்ட பிரெஞ்சுப் பயணி பெர்னியரின் குறிப்பு. வங்கம் இனிப்புக்குப் பெயர்போனது, போர்த்துகீசியர் வாழும் இடங்களில் அது மேலும் சிறப்பு என்கிறார் அவர். அத்துடன் மேற்கோளை நிறுத்திவிடுகிறார்கள். அடுத்து அவர் அடுக்கும் பண்டங்களைப் பாருங்கள்: நாரத்தை, மாங்காய், அன்னாசி, எலுமிச்சை, இஞ்சி. எல்லாம் பாகில் பதப்படுத்தியவை. பாலில் செய்தது ஒன்றுகூட இல்லை. ஹூக்ளிக் கரையிலுள்ள பண்டேலின் பாலாடைக்கட்டி எஞ்சியிருக்கிறதே எனலாம். அது உப்பிட்டது, புகையூட்டியும் விற்கப்படுவது. போர்த்துகீசியர் பாலாடைக்கட்டி செய்தார்கள் என்பதற்கு அது சான்றாகலாம், சந்தேஷுக்கு ஆகாது.

மறுபக்கம், மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 1130ஐ ஒட்டி இயற்றிய மானசோல்லாசம் இருக்கிறது. அதன் அன்னபோகப் பகுதியில் வரும் ஒரு செய்முறையை ஊன்றிப் படிக்க வேண்டும். காய்ந்த பாலில் புளித்த மோர் விட்டுத் திரித்து, துணியில் வடித்து, அரிசி மாவு சேர்த்துப் பிசைந்து, உருட்டி நெய்யில் பொரித்துச் சர்க்கரைப் பாகில் இடுவது அது. தற்செயலாகத் திரிந்த பாலை வீணாக்காமல் செய்த பண்டமன்று. வேண்டுமென்றே திரிக்கிறார்கள், அதுவும் அரண்மனை அடுக்களையில். போர்த்துகீசியர் இந்தியா வருவதற்கு ஏறத்தாழ 370 ஆண்டுகளுக்கு முன்! மானசோல்லாசத்தைப் பல இடங்களில் எடுத்தாளும் அச்சயா, தம் முடிவுக்கு இது எவ்வளவு பெரிய இடையூறு என்பதைக் கணக்கில் கொள்ளாதது வியப்பே.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. இது பொரித்த பண்டம்; பாகில் வேகும் ரசகுல்லாவைவிட, பொரித்துப் பாகிலிடும் இன்றைய வங்க இனிப்பான பந்துவாவுக்கே நெருக்கம். சாளுக்கியத் தலைநகர் கல்யாணியிலிருந்து ஹூக்ளிவரை இடைவிடாத மரபு ஓடியதாக நான் சொல்லவில்லை. அதற்கான நூற்சான்று அறுந்தறுந்தே கிடைக்கிறது.

ரசகுல்லாவின் பிறப்பு வேறு வழக்கு. பாக்பஜாரின் நபீன் சந்திர தாஸ் 1868இல் செய்தார் என்பது வங்கத்தார் கூற்று. பலராம தாசரின் தண்டி ராமாயணத்திலேயே அது உண்டு என்பது ஒடிசாவின் பதில். அந்நூலின் காலமோ 15ஆம் நூற்றாண்டா 16ஆம் நூற்றாண்டா என்று இன்னும் இழுபறி. சென்னையிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகம் 2017இல் வங்க வகைக்கும், 2019இல் ஒடிய வகைக்கும் தனித்தனியே சான்று தந்தது. எது மூத்தது என்று அது தீர்ப்புச் சொல்லவில்லை.

போர்த்துகீசியருக்குச் சேர வேண்டியது பழப்பாகின் பெருமை. பெர்னியரைச் சான்றாக வைத்துச் சானாவின் பெருமையையும் அவர்களுக்கு எழுதிவைப்பது தகாது.