25 வெள்ளிக் குற்றம்

சம்பளம் போட்ட சனிக்கிழமை. குளுவாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து டவுனுக்குப் போன ஒருவர், குடித்துவிட்டுப் பஸ் நிலையத்தருகே நடைபாதையில் விழுந்து கிடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். போலீஸ்காரர்கள் அவரைத் தூக்கிச் செல்கிறார்கள். “நான் யாரை அடித்தேன்? யார் பொருளைத் திருடினேன்?” என்று அவர் கேட்கிறார். லயத்தில் சோறாக்கி வைத்துக் காத்திருக்கும் மனைவியும் மறுநாள் அதையேதான் கேட்கிறார். நேயர்களே, அது நியாயமான கேள்விதான். அதற்குரிய விடையை இன்று தேடிப் பார்ப்போம்.

அவரைப் பிடித்த சட்டத்தின் பெயர் சிறு குற்றங்கள் சட்டம். நாடு சுதந்திரம் அடைவதற்கு 2 ஆண்டுகளுக்கு முன், 1955இல் இயற்றப்பட்டது. தீபகற்ப மலேசியாவுக்கு உரியது. பொது இடத்தில் தன்னைக் காத்துக்கொள்ள முடியாத அளவுக்குக் குடித்துக் கிடப்பதும், கலாட்டா செய்வதும் அதன் 21ஆம் பிரிவில் வருகின்றன. முதல் தடவைக்கு 25 வெள்ளிவரை அபராதம், அல்லது 14 நாள்வரை சிறை, அல்லது இரண்டும். அமைதி கெடும்படி பிறரை ஏசுவதும் மிரட்டுவதும் 14ஆம் பிரிவில் வருகின்றன.

ஏன் இவை குற்றமாயின? இதற்கு விடை சொல்ல லயத்தில் வாழ்ந்தவர்களைவிடத் தகுதியானவர் யார்? இரண்டு குடும்பத்துக்கும் நடுவில் ஒரே பலகைச் சுவர். இரவு 11 மணிக்கு ஒருவர் வாசலில் நின்று கெட்ட வார்த்தையில் கத்தினால், விடியற்காலைப் பெரட்டுக்கு எழ வேண்டிய 20 குடும்பங்களின் தூக்கம் போகிறது. பதிலுக்கு ஒருவர் கத்துகிறார். மூன்றாமவர் கத்தியை எடுக்கிறார். வெட்டு விழுந்த பிறகு வரும் சட்டம் வேறு. அதற்குத் தண்டனையும் பெரிது. அந்தக் கத்தி வெளியே வருவதற்கு முன்பே குறுக்கே நிற்பதற்காகத்தான் இந்தச் சிறு சட்டம்.

இது ஒரு பக்கம். நம் முன்னோர் கண்டது இன்னொரு பக்கம். ஒப்பந்தக் கூலி முறையில் வந்தவர் வேலைக்கு வராமல் நின்றாலும், தோட்டத்தை விட்டு ஓடினாலும் சிறைக்குப் போக வேண்டியிருந்தது. அந்த முறைக்கு ஆள் எடுப்பது 1910இல் நிறுத்தப்பட்டது. சட்டப் புத்தகத்தில் எழுதாத ஒழுங்குகளோ அதன் பிறகும் தொடர்ந்தன. துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. இறங்காமல் போனால் யாருடைய தூக்கம் கெடும்? யாருக்குக் காயம் படும்? துரையின் பெருமைக்குத்தான் காயம்!

1941இல் சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் மூண்டது. ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். கூலி உயர்வோடு, துரை முன்னால் சைக்கிளில் செல்லும் உரிமையையும் தொழிலாளர் கேட்டனர்; கள்ளுக்கடைகளை மூடும்படியும் கேட்டனர். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டனர். பொது அமைதி கெடுகிறது என்பதுதான் ஆட்சியாளர் சொன்ன காரணம்.

கள்ளுக்கடையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். தோட்டத்துக் கள்ளுக்கடை அரசாங்க அனுமதியோடு நடந்தது; பல இடங்களில் நிர்வாகமே நடத்தியது. சம்பளம் கொடுத்த கையே அதில் ஒரு பங்கைக் கள்ளுக்குத் திரும்ப வாங்கிக்கொண்டது. குடித்துவிட்டு வழியில் விழுந்தவனுக்கு அபராதம் உண்டு, விற்றவருக்கு இல்லை. போருக்குப் பின் கெடாவில் ஏ. எம். சாமியின் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடை வாசலில் மறியல் செய்தார்கள். 1947 தொடக்கத்தில் பீடோங்கில் போலீஸோடு மோதல் ஏற்பட்டு உயிர்ச்சேதமும் நேர்ந்தது. குடியை நிறுத்தச் சொன்னவர்கள்தாம் அன்று ஒழுங்கைக் கெடுத்தவர்கள் ஆனார்கள்!

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. 2024 ஜூலையில், இணையத்தில் இழிவாகப் பேசிய ஒருவர் 14ஆம் பிரிவின்கீழ்க் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்த ஏச்சுக்கு ஆளான தமிழ்ப் பெண் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார். அபராதம் 100 வெள்ளி. அந்தப் பிரிவின் உச்சமே அதுதான். நாடெங்கும் மக்கள் கொதித்தனர். பின்னர் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, இத்தகைய துன்புறுத்தலுக்குக் கடுமையான பிரிவுகள் 2025 ஜூலையில் நடைமுறைக்கு வந்தன.

பஸ் நிலையத்துக்காரரிடம் திரும்புவோம். அவர் மனைவிக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது விதியில் இருக்கிறது. கைது செய்யப்பட்டவருக்குக் காரணத்தைக் கூடிய விரைவில் சொல்ல வேண்டும். அவர் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள விட வேண்டும். விடுவிக்காவிட்டால், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். காவல் நிலைய மேசைக்கு முன்னால் நின்று, “எந்தச் சட்டம், எந்தப் பிரிவு?” என்று அந்த அம்மா தாராளமாகக் கேட்கலாம். அதற்காக யாரும் சைக்கிளிலிருந்து இறங்கத் தேவையில்லை.