நரம்புத் தூண்டல்

நரம்புத் தூண்டல் என்பது நரம்புச் செல்லின் சவ்வில் எழுந்து, அதன் நீண்ட இழையான ஆக்சான் வழியே பரவும் மின்மாற்றம். ஓய்வு நிலையில் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் தன்மையுடன் இருக்கும். சோடியம் அயனிகள் உட்புகும்போது இந்நிலை தலைகீழாகிறது. பொட்டாசியம் அயனிகள் வெளியேறப் பழைய நிலை திரும்புகிறது. ஓரிரு மில்லிநொடிகளில் முடியும் இந்நிகழ்வுக்கு விளக்கம் காண ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

தொடக்க ஆய்வுகள்

இத்தாலியின் பொலோனா நகரைச் சேர்ந்த லூயிஜி கால்வானி, வெட்டியெடுத்த தவளைக் கால்கள் உலோகம் பட்டுத் துடிப்பதைக் கண்டு, விலங்குடலிலேயே மின்சாரம் உள்ளது என 1791இல் எழுதினார். அது இரு வேறு உலோகங்கள் சேர்வதால் பிறப்பது என்று அலெசாண்ட்ரோ வோல்ட்டா மறுத்தார். அம்மறுப்பின் தொடர்ச்சியாகவே 1800இல் மின்கல அடுக்கு உருவானது. 1840களில் பெர்லினில் எமில் து புவா-ரேமோன் நுட்பமான கால்வனோமீட்டரால் நரம்பின் மின்மாற்றத்தை அளந்தபோது கால்வானியின் கருத்து வலுப்பெற்றது.

தூண்டலின் வேகத்தை அளக்க இயலாது என்று யொஹான்னஸ் முல்லர் கருதியிருந்தார். அவருடைய மாணவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் தவளை நரம்பில் அதை அளந்தார். நொடிக்கு 30 மீட்டரை ஒட்டிய அந்த வேகம் ஒலியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கம்பியில் பாயும் மின்சாரத்துக்கு இம்மந்தம் பொருந்தாது.

சவ்வும் அயனிகளும்

ஓய்வில் பொட்டாசியத்தை மட்டும் விடும் சவ்வு, தூண்டலின்போது எல்லா அயனிகளுக்கும் வழிவிடுகிறது என்று யூலியஸ் பெர்ன்ஸ்டைன் 1902இல் விளக்கினார். அப்படியானால் மின்னழுத்தம் சுழியத்தோடு நின்றுவிட வேண்டும். இதைச் சோதிக்க ஆக்சானுக்குள்ளேயே மின்முனையைச் செலுத்த வேண்டியிருந்தது. ஒரு மில்லிமீட்டர் வரை தடித்த, ஊசிக்கணவாயின் ராட்சத ஆக்சான் அதற்கு உதவியது. 1939இல் இங்கிலாந்தின் பிளிமத் கடலாய்வகத்தில் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் அதில் அளந்தபோது, மின்னழுத்தம் சுழியத்தைக் கடந்து நேர்மின் பக்கம் ஏறியது.

உலகப் போர் இப்பணியைத் தடுத்தது. 1949இல் ஹாட்ஜ்கினும் பெர்னார்ட் காட்ஸும் வெளிக்கரைசலில் சோடியத்தைக் குறைத்தால் அந்த ஏற்றமும் குறைவதைக் காட்டினர். பிறகு ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் சவ்வின் மின்னழுத்தத்தை வேண்டிய அளவில் நிறுத்திவைத்து, இரு அயனிகளின் ஓட்டத்தையும் பிரித்தறிந்து, 1952இல் சமன்பாடுகளாக வெளியிட்டனர். கையால் சுழற்றும் கணிப்பானில் ஹக்ஸ்லி வரவழைத்த அலைவடிவம் ஆய்வகப் பதிவுடன் ஒத்துப்போனது. இருவரும் ஜான் எக்கில்ஸுடன் 1963இல் நோபல் பரிசு பெற்றனர். சவ்விலுள்ள தனியொரு அயனிக் கால்வாயின் மின்னோட்டத்தை எர்வின் நேயரும் பெர்ட் சாக்மானும் 1976இல் பதிவுசெய்தனர்.

கிளியா செல்கள்

நரம்புச் செல்களுக்கிடையே உள்ள கிளியாவுக்கு 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பெயரிட்ட ருடால்ஃப் விர்ஹோ, அதை இணைப்புப் பொருளாகவே கருதினார். ஆனால் தூண்டலின் வேகத்தைக் கூட்டும் மயலின் உறையை அமைப்பவை கிளியா செல்களே. உறையின் இடைவெளிகளான ரான்வியர் கணுக்களில் தூண்டல் தாவிச் செல்வதை ஹக்ஸ்லியும் ராபர்ட் ஸ்டாம்ப்ஃப்லியும் 1949இல் உறுதிப்படுத்தினர். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் இவ்வுறை சிதைவதால் கடத்தல் மந்தமாகிறது, சில இடங்களில் நின்றும்விடுகிறது.

1966இல் ஸ்டீபன் கஃப்லரின் குழுவினர், கிளியா செல்கள் தாமாகத் தூண்டல் எழுப்பாவிடினும், அருகிலுள்ள நரம்புகள் வெளியிடும் பொட்டாசியத்துக்கேற்ப அவற்றின் மின்னழுத்தம் மாறுவதைக் கண்டனர். ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட ஆஸ்ட்ரோசைட் என்னும் கிளியா செல்களில் கால்சியம் அலைகள் பரவுவது 1990இல் தெரியவந்தது. அவை நரம்புச் செல்களின் செய்தித் தொடர்பை எந்த அளவுக்கு மாற்றுகின்றன என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு நிலவுகிறது.