மறையாத பிடில்

மாணவர்களே, கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் கேப் பிரெட்டன் என்றொரு தீவு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலிருந்து பல்லாயிரவர் அங்குக் குடியேறினர். நிலமிழந்து வந்தோர் அவருள் பலர். கேலிக் மொழியையும் பிடில் இசையையும் அவர்கள் உடன் கொணர்ந்தனர். நம் வித்துவான்கள் தரையிலமர்ந்து வாசிக்கும் அதே பிடில்தான். அவர்களோ நாற்காலியிலமர்ந்து, காலால் தாளந்தட்டி, அடுக்களையிலேயே ஆட்டத்துக்கு வாசிப்பர்.

1971இல் கனடிய ஒலிபரப்புக் கழகம், இப்பிடில்காரர் மறைந்து வருகின்றனர் என்று ஒரு படம் எடுத்தது. தீவினர் சினந்தனர். கிளெண்டேல் என்னும் சிற்றூரின் பாதிரியார் ஜான் ஆங்கஸ் ராங்கின் முதலியோர் வாசிப்போரைத் தேடித் திரட்டினர். 1973 ஜூலையில் அவ்வூரில் நூற்றுக்கு மேற்பட்டோர் ஒருங்கே கூடி வாசித்தனர்!

அப்படியாயின் படம் சொன்னது பொய்யோ? முழுப்பொய்யன்று. முதியோர் இருந்தனர், கற்கும் இளைஞர்தாம் அருகியிருந்தனர். ஆதலால் பிடில்காரர் சங்கம் ஒன்றை அமைத்தனர், வகுப்புகளும் எழுந்தன. ‘அழிந்த கலைகள்’ என்று ஒரு பட்டியலை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவன் நான். அவற்றுள் ஒன்றையேனும் எந்த ஊரிலேனும் சென்று தேடினேனா? இல்லை.

அத்தீவில் சிறுவர்க்குக் கற்பித்தவருள் ஒருவர் ஸ்டான் சாப்மன். அவரிடம் பயின்று உலகப்புகழ் பெற்ற நாட்டலி மக்மாஸ்டர், படம் எடுத்த மறு ஆண்டு, 1972இல், பிறந்தவர். ஒன்பது வயதில் பிடிலைக் கையிலெடுத்தார்.