ஓலைக் கட்டும் ஒரு குயர் நோட்டும்

 

போன வாரம் என்னிடம் படித்த ஒரு தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். அவன் மகள் இந்த வருடம் ஆறாம் வகுப்பு. பள்ளியில் கொடுத்த நோட்டுப் பட்டியல் அது. 14 நோட்டு, 3 ஃபைல். கீழே எழுதியிருந்தான்: "சார், இத்தனை எதுக்கு? பாடவாரியா எப்படிப் பிரிச்சு வைக்கிறது? அட்டை போடாம வந்தா வெளியே நிறுத்துவீங்களே, நீங்களே சொல்லுங்க."

கிண்டலாகத்தான் கேட்டான். எனக்குச் சுருக்கென்றது. பதிலை அவனுக்கு மட்டும் அனுப்பாமல் எல்லோருக்கும் எழுதலாம் என்று தோன்றியது. கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன். வரலாறு வாத்தியார் அப்படித்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்த் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளை முதலில் எழுதியது மணலில். விரலால் எழுத வேண்டும், சரியாக வந்ததும் கையால் அழித்துவிட்டு அடுத்த எழுத்து. காகிதச் செலவே கிடையாது. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789-ல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதியின் பொறுப்பை ஏற்றார். ஒரு நாள் வழியில் ஒரு பள்ளியில் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் எழுதுவதைப் பார்த்தார். அதையே தன் விடுதியில் செய்ய வைத்தார். மூத்த பையன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் சேர்த்துக்கொண்டார். நம் ஊரில் சட்டாம்பிள்ளை என்போமே, அதுதான். ஊர் திரும்பியதும் 1797-ல் லண்டனில் புத்தகம் போட்டார். அங்கே அந்த முறைக்குப் பெயரே 'மெட்ராஸ் முறை'. பெல்லாரி கலெக்டராக இருந்த கேம்பல் 1823-ல் எழுதிய அறிக்கையில், இவ்வளவு சிக்கனமாக எழுதக் கற்றுக்கொடுக்கும் இந்த முறையை இங்கிலாந்து பின்பற்றியது சரிதான் என்று பாராட்டியிருக்கிறார். அப்போது கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ எடுக்கச் சொன்ன கணக்கெடுப்புக்காக எழுதிய அறிக்கை அது. அந்தக் கணக்குப்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். இவர்களில் எத்தனை பேர் கையில் காகிதம் இருந்திருக்கும், நினைத்துப் பாருங்கள்.

மணலில் கை பழகியதும் ஓலை. ஓலையை வேகவைத்து, உலர்த்தி, வழுவழுப்பாக்கி, எழுத்தாணியால் கீறி, மையைத் தடவித் துடைத்தால் எழுத்து கறுப்பாகத் தெரியும். மணல் இன்றைய ரஃப் நோட்டு என்றால் ஓலை ஃபேர் நோட்டு. எண்சுவடி ஒரு கட்டு, நெல்லிலக்கம் ஒரு கட்டு என்று தனித்தனியாகக் கட்டி வைத்துக்கொள்வார்கள். கட்டுகளைத் தொங்கவிட்டுச் சுமக்கும் சுவடித் தூக்குதான் அன்றைய புத்தகப் பை.

பாடம் நடத்திய காலத்தில் நான் கவனிக்காத ஒன்று இதில் இருக்கிறது. ஓலைச்சுவடி எப்படி இருக்கும்? ஏட்டில் துளை, துளையில் கயிறு, மேலும் கீழும் மரச்சட்டம். கயிற்றை அவிழ்த்தால் ஏடு தனியாக வரும். புது ஏட்டை நடுவில் சேர்க்கலாம், இடம் மாற்றலாம், பழுதான ஏட்டை மட்டும் எடுத்துவிட்டு வேறு எழுதி வைக்கலாம். இன்றைக்குக் கடையில் இரண்டு துளை போட்டு டேக் கட்டி விற்கிறார்களே, அந்த ஃபைலும் இதுவும் ஒன்றுதான். பரீட்சையில் கூடுதல் தாள் வாங்கி ஓரத்தில் நூல் கோத்து முடிச்சுப் போட்டோமே, அதுவும் அதேதான். நடுவில் மடித்துத் தைத்த நோட்டு பள்ளிப்பிள்ளை கைக்கு வந்ததெல்லாம் மிகவும் பிற்பாடு.

ஃபைல் முறையின் ஆபத்தும் அந்தச் சுவடியிலேயே இருக்கிறது. கயிறு அறுந்தால் போச்சு. திண்ணைப் பள்ளியில் படித்து வளர்ந்த உ.வே. சாமிநாதையர் வாழ்நாள் முழுவதும் ஊர் ஊராக அலைந்து சுவடி தேடியவர். 1894-ல் புறநானூற்றை அச்சிட்டார். அதில் 267, 268 ஆகிய இரண்டு பாட்டும் கிடைக்கவில்லை, இன்றுவரை இல்லை. 1904-ல் பதிற்றுப்பத்தை அச்சிட்டார். பெயரிலேயே பத்துப் பத்து இருக்கிறது, கிடைத்தது எட்டுதான். எந்த இரண்டு போயிற்று? முதல் பத்தும் பத்தாம் பத்தும். ஒரு கட்டில் முதலில் சிதைவது மேலே இருக்கும் ஏடும் கீழே இருக்கும் ஏடும். அதனால்தான் போயிருக்கும் என்பது என் ஊகம். உங்கள் பிள்ளையின் போன வருட நோட்டை எடுத்துப் பாருங்கள். முதல் தாளும் கடைசித் தாளும் இருக்காது!

சரி, நோட்டுக்கு வருவோம். கடையில் 96 பக்கம், 192 பக்கம் என்று விற்கிறார்களே, இது என்ன கணக்கு, ஏன் 100, 200 இல்லை என்று யாராவது யோசித்திருக்கிறீர்களா? காகிதத்தைக் குயர் கணக்கில் விற்ற காலத்து அளவு அது. ஒரு குயர் என்பது 24 தாள். அதை நடுவில் மடித்தால் 48 இலை, 96 பக்கம். இரண்டு குயர் என்றால் 192. 'ஒரு குயர் நோட்டு, ரெண்டு குயர் நோட்டு' என்று கேட்டு வாங்கிய தலைமுறை நாங்கள். நான் ஒன்றாம் வகுப்பில் எழுதியது சிலேட்டில். கோவை இலையைக் கசக்கி அழித்த பச்சை வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. மூன்றாம் வகுப்பில்தான் முதல் நோட்டு. அதையும் பென்சிலில் எழுதி, அழித்து, மறுபடி எழுதினோம்.

நடுவில் மடித்த நோட்டில் ஒரு வில்லங்கம் உண்டு. முன்னால் ஒரு தாளைக் கிழித்தால் பின்னால் அதன் ஜோடித் தாள் கழன்று வரும். கணக்கு நோட்டிலிருந்து கப்பல் செய்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன், நீங்களே கை தூக்குங்கள்.

இப்போது என் கதை. இதை எழுத வேண்டும் என்றுதான் இவ்வளவு சுற்றி வந்தேன்.

ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்கு வந்த புதிதில், எண்பதுகளின் நடுவில், நான் கண்டிப்பான வாத்தியார். பாடத்துக்கு ஒரு நோட்டு, கட்டுரைக்குத் தனி, கையெழுத்துக்குத் தனி, வரைபடத்துக்குத் தனி. எல்லாவற்றுக்கும் பிரவுன் அட்டை, லேபிளில் பெயர், வகுப்பு, பாடம். அதிகாரி ஆய்வுக்கு வந்தால் முதலில் கேட்பது பிள்ளைகளின் நோட்டைத்தான், அதில் என் சிவப்பு மைக் கையெழுத்து இருக்கிறதா என்பதைத்தான். அந்தப் பயத்தில் வந்த கண்டிப்பு என்று இப்போது சொல்லலாம். அன்றைக்கு அதை ஒழுக்கம் என்று நம்பினேன்.

ஒரு பிள்ளை, ஆறாம் வகுப்பு. ஒரே ஒரு தடித்த நோட்டோடு வந்து நின்றாள். போன வருட நோட்டுகளில் மிஞ்சியிருந்த வெற்றுத் தாள்களை எல்லாம் பிரித்தெடுத்து, அவள் அம்மா கோணி ஊசியால் தைத்துக் கொடுத்தது. இரட்டைக் கோடு கொஞ்சம், நான்கு கோடு கொஞ்சம், கோடு இல்லாதது கொஞ்சம். அட்டை, சிமெண்ட் பைக் காகிதம். பாடத்துக்குப் பாடம் பிரிக்க, தையல்கடையில் விழுந்த வெட்டுத் துணியை நடுநடுவே வைத்துத் தைத்திருந்தார். தமிழுக்குச் சிவப்பு, கணக்குக்கு நீலம் என்று ஓரத்தில் வண்ணத்துணி நீட்டிக்கொண்டிருந்தது. எந்தப் பாடம் வேண்டுமோ அந்தத் துணியைப் பிடித்துத் திறந்தால் போதும். இன்றைக்கு அப்படி ஒன்று ஸ்டேஷனரிக் கடையில் நல்ல விலைக்கு விற்கிறது.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இதெல்லாம் ஒரு நோட்டா? தனித்தனி நோட்டு இல்லாமல் வகுப்புக்கு வராதே." வகுப்பு சிரித்தது. நான் அடக்கவில்லை.

நான்கு நாள் அவள் வரவில்லை. ஐந்தாம் நாள் ஐந்து 40 பக்க நோட்டோடு வந்தாள். அட்டை, லேபிள் எல்லாம் சரியாக இருந்தது. நானும் கையெழுத்துப் போட்டேன். அதெல்லாம் கடன் சொல்லி வாங்கியது என்று பிறகு ஒரு நாள் கடைக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார். அந்தத் தைத்த நோட்டு என்ன ஆயிற்று என்று அவளிடம் கேட்டேன். "அம்மா பால் கணக்கு எழுதுறாங்க சார்" என்றாள்.

ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு ஏடாகச் சேர்த்தவரைப் பற்றிப் பாடம் நடத்தியவன் நான். மிஞ்சிய தாளைச் சேர்த்துத் தைத்த ஒரு தாயின் கையை எனக்குப் பார்க்கத் தெரியவில்லை. அந்தப் பிள்ளை இந்தப் பக்கத்தைப் பார்க்கிறாள், போன பொங்கலுக்குக்கூட வாழ்த்து அனுப்பினாள். அம்மா, அன்றைக்கு நான் செய்தது தப்பு. உன் அம்மாவிடமும் சொல்.

இன்றைக்கு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லா நோட்டு கிடைக்கிறது. நல்ல விஷயம், இதை நான் மனதார வரவேற்கிறேன். தனியார் பள்ளிப் பட்டியலைப் பார்த்தால்தான் மலைப்பாக இருக்கிறது. 2018 நவம்பரில் மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கை ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளையின் பை 4 கிலோவைத் தாண்டக் கூடாது என்றது. தம்பி, அந்தப் பதினான்கையும் பையில் போட்டு, புத்தகத்தையும் வைத்து, வீட்டுத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார். தாண்டினால் பள்ளிக்குப் போய்க் கேள். சண்டையாகக் கேட்காதே, எடையைச் சொல்லிக் கேள்.

இனி உன் கேள்விக்குப் பதில். நடத்துகிற வரிசையிலேயே வளரும் பாடத்துக்குத் தைத்த நோட்டு வாங்கு. பின் அடித்தது வேண்டாம், நடுவில் நூல் தெரிகிறதா என்று பார்த்து வாங்கு. கணக்குக்கு இரண்டு குயர் வேண்டும், மற்றதற்கு ஒரு குயர் போதும், தீர்ந்தால் அடுத்தது. அறிவியலுக்கு ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் கோடு போட்டது வாங்கினால் படம் வரைய வசதி. பள்ளியில் கொடுக்கும் தனித்தாள்கள், தேர்வுத் தாள்கள், வரைபடங்கள் இவற்றுக்கு மட்டும் ஃபைல். மூன்று வேண்டாம், ஒன்று போதும். உள்ளே பாடத்துக்குப் பாடம் ஒரு வண்ண அட்டை வை. துணி வைத்தாலும் சரி. ஃபைல் வீட்டிலேயே இருக்கட்டும், வெள்ளிக்கிழமை சாயந்திரம் அவளே அந்த வாரத் தாள்களைக் கோத்து வைக்கட்டும்.

கோக்கும் முன் ஒவ்வொரு தாளிலும் தேதியும் வரிசை எண்ணும் போடச் சொல். ஓலைச்சுவடியில் ஏட்டின் இடது ஓரத்தில் எண் போட்டிருப்பார்கள். கட்டு கலைந்தால் மறுபடி அடுக்க அதுதான் வழி, எந்த ஏடு தொலைந்தது என்று தெரிவதும் அதனால்தான். நோட்டில் முதல் இரண்டு தாளில் ஒன்றும் எழுத வேண்டாம். பின்னால் பொருளடக்கம் போட்டுக்கொள்ளலாம், கிழிந்தாலும் பாடம் போகாது.

வருடக் கடைசியில் மிஞ்சும் வெற்றுத் தாளை எடைக்குப் போடாதீர்கள், யாராக இருந்தாலும். பக்கத்தில் இருப்பவர்கள் என் வீட்டில் கொண்டுவந்து கொடுங்கள். கோணி ஊசியும் நூலும் வாங்கி வைத்திருக்கிறேன். எனக்குத் தையல் நேராக வரவில்லை, தெரிந்தவர்கள் யாராவது வந்து ஒருமுறை காட்டிக்கொடுங்கள்.