மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தில் கம்பியில்லா இணையம்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உள்ள ஊர்களுக்கு வானலை வழியே இணையம் வந்து சேர்ந்த வரலாறும், அந்த இணைப்பை அந்நியர் ஒட்டுக்கேளாமல் காக்கும் முறைகள் மாறிவந்த வகையும் இங்கே சொல்லப்படுகின்றன. வைஃபை, கைத்தொலைபேசித் தரவு, சுவரில் அன்டெனா மாட்டிய நிலைத்த தொலைபேசி, செய்மதித் தட்டு எல்லாமே இதில் அடங்கும். கொழும்பில் கம்பியில்லா இணைப்பு, ஏற்கெனவே இருந்த கம்பிக்கு மேலதிக வசதியாக வந்தது. வாவியின் மேற்குக் கரையில் பல வீடுகளுக்கு அதுவே முதல் தொலைபேசி.

நிலமும் நீரும்

வாவி ஏறாவூர்ப் பக்கமிருந்து கல்முனைப் பக்கம்வரை கடலோரத்தை ஒட்டி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளுகிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் மணல்நிலம் எழுவான்கரை. காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று வீட்டோடு வீடு முட்டும் ஊர்கள் அங்கே. எதிர்ப்புறம் படுவான்கரை, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, வவுணதீவு என்று வயலுக்கும் குளத்துக்கும் இடையே தள்ளித் தள்ளி அமைந்த குடியிருப்புகள். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும்வரை அந்தத் துறையில் ஆளும் சைக்கிளும் படகுப் பாதையில்தான் கரை மாறின. ஆள் கடக்கவே இத்தனை பாடு என்றால் செப்புக் கம்பி கடப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

கணினிகளை வானலையால் இணைத்த முன்னோடி முயற்சியும் தண்ணீரால் பிரிந்த நிலத்தில்தான் நடந்தது. 1971இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நோர்மன் ஏப்ரம்சன் குழுவினர் தீவுகளுக்கிடையே அலோகாநெட் என்ற வலையமைப்பை இயக்கினர். எல்லாரும் ஒரே மீடிறனில் அனுப்பலாம். இரண்டு செய்திகள் மோதினால் சற்றுப் பொறுத்து மறுபடி அனுப்ப வேண்டும் என்பதே அதன் விதி. இன்றைய வைஃபையின் ஒழுங்கு அந்த விதியிலிருந்து வளர்ந்தது.

நீர்ப்பரப்பு வானலைக்குத் தடையில்லை என்று தோன்றும். மரமில்லை, மாடியில்லை, கண்ணுக்கு எதிர்க்கரை தெரிகிறது. ஆனால் அசைவற்ற நீர் வானலையைத் தெறிக்கச் செய்யும். நேரே வந்த அலையும் நீரில் பட்டுத் தெறித்த அலையும் சேரும்போது சிலவேளை ஒன்றையொன்று பலப்படுத்தும், சிலவேளை அழித்துவிடும். மாரியில் வாவி பெருகி, பின் முகத்துவாரம் வெட்டப்பட்டு நீர் வடியும்போது தெறிக்கும் மட்டமே மாறுகிறது. நேற்று நன்றாக இருந்த இணைப்பு இன்று தள்ளாடுவதற்கு இது ஒரு காரணமாகலாம். தவிர, பார்வைக்கோடு வெறுமையாக இருந்தால் மட்டும் போதாது, அதைச் சுற்றிய வெளியும் வெறுமையாக வேண்டும். 5 கிலோமீற்றர் தூர இணைப்புக்கு நடுவழியில் அந்த வெளியின் ஆரம் 5.8 கிகாஹேர்ட்ஸில் ஏறத்தாழ 8 மீற்றர், 2.4 கிகாஹேர்ட்ஸில் 12 மீற்றருக்கும் மேல். அதனால்தான் நீர் கடக்கும் இணைப்புகளில், அலை தெறிக்கும் புள்ளி திறந்த நீரில் விழாமல் கரையிலோ கண்டல் மரங்களிலோ விழும்படி அன்டெனாவின் உயரத்தைத் தெரிவு செய்கிறார்கள். உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் இணைப்பிகள் தனித் தொல்லை.

ஒட்டுக்கேட்டலின் பழைய கதை

வானலையில் சொன்னதை யாரும் கேட்கலாம் என்பதற்கு இக்கரையில் 1942இலேயே சான்று உண்டு. அவ்வாண்டு ஏப்ரல் 9ஆம் திகதி, திருகோணமலையை விட்டு வெளியேறியிருந்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸை மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய வேவு விமானம் ஒன்று கண்டு, கம்பியில்லாத் தந்தியில் தன் கடற்படைக்கு அறிவித்தது. அந்த அறிவிப்பைப் பிரித்தானியரும் பிடித்துவிட்டார்கள். கப்பலை விரைந்து திரும்பச் சொன்னார்கள். பயனில்லை. குண்டுவீச்சு விமானங்கள் முந்திக்கொண்டன, 307 பேருடன் கப்பல் மூழ்கியது. அந்தச் சிதைவுக்குச் சுழியோடுபவர்கள் இன்றும் வருகிறார்கள். எதிரியின் செய்தி கையில் இருந்தும் நேரம் கையில் இல்லாத கதை அது.

உள்நாட்டுப் போர்க் காலத்திலும் வானலை இரு தரப்பும் மற்றவரை ஒட்டுக்கேட்கும் களமாக இருந்தது. படுவான்கரையின் பெரும்பகுதி 2007வரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. பற்றரி போன்ற பொருட்கள் சாவடி தாண்டுவதே கடினமாக இருந்த ஆண்டுகள் உண்டு. ‘போனில் எதுவும் கதைக்காதே’ என்ற எச்சரிக்கை அக்காலத்து வீடுகளில் சாதாரணம். தொழில்நுட்பப் பாதுகாப்பு பற்றிய அறிவுரைகள் இம்மக்களுக்குப் புதிதாக இருந்திருக்க முடியாது. மாறியது, யாருக்குப் பயப்படுவது என்பது மட்டும்.

கம்பத்திலிருந்து கோபுரத்துக்கு

1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி இப்பிரதேசத்தின் கம்பங்களையும் தென்னைகளையும் ஒருசேரச் சாய்த்தது. அதன்பின் போர், பின்னர் 2004 டிசெம்பர் 26இல் நாவலடி, டச்பார், கல்லடிப் பகுதிகளைத் துடைத்தெடுத்த கடற்கோள். நிலத்தில் நட்ட எதுவும் நிலைக்காத இடத்தில் கம்பியில்லாத் தொலைபேசி வேரூன்றியதில் வியப்பில்லை.

இலங்கையின் முதல் கைத்தொலைபேசி வலையமைப்பான செல்டெல் 1989இல் தொடங்கியது; 1995இல் டயலொக் ஜிஎஸ்எம் சேவையைக் கொண்டுவந்தது. இரண்டும் அப்போது தெற்குக்கே உரியவை. வடக்கு கிழக்கில் கோபுரங்கள் பரவியது 2002 பெப்ரவரிப் போர்நிறுத்த உடன்பாட்டுக்குப் பின்னரே. அதுவரை, வெளிநாட்டில் இருக்கும் மகனோடு கதைக்க வேண்டுமென்றால் ‘கொமினிகேசன்’ என்று ஊரார் சொல்லும் கடைக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். எதிரே மூவர் காத்திருக்க, குடும்பச் சண்டையைக் கடைக்காரர் முன்னிலையில் பேசித் தீர்க்கும் அந்த ஏற்பாட்டை விடப் பாதுகாப்பற்ற வலையமைப்பு எதுவும் பிறகு வரவில்லை.

அடுத்த கட்டம், இன்று பலரும் மறந்துவிட்ட சிடிஎம்ஏ தொலைபேசி. சன்டெல், லங்கா பெல் நிறுவனங்கள் 1996இல் நிலைத்த கம்பியில்லாச் சேவைக்கு உரிமம் பெற்றன. 2005ஐ ஒட்டி, அவையும் ஸ்ரீலங்கா டெலிகொமும் சிடிஎம்ஏ முறையில் இறங்கின. மேசைத் தொலைபேசி போலவே தோற்றம், முதுகில் அன்டெனா, கம்பி மட்டும் கிடையாது. அதைக் கணினியோடு இணைத்தால் உச்சமாக விநாடிக்கு 153 கிலோபிட் வேகத்தில் இணையமும் கிடைக்கும். இன்றைக்கு ஒரு புகைப்படமே அதில் திணறும். அன்று மின்னஞ்சலுக்குப் போதுமாக இருந்தது.

டயலொக் 2006இல் தொடங்கிய 3ஜி சேவை, போர் ஓய்ந்தபின் டொங்கிளாக இக்கரைகளில் பரவியது. 2013இல் 4ஜி சேவைகள் நாட்டில் வந்தபோது வீட்டு மூலையில் றவுட்டர் என்ற சிறு பெட்டி குடியேறியது. அதுவரை சேவை நிறுவனத்தின் பொறுப்பாக இருந்த பாதுகாப்பின் ஒரு பாதி, அந்தப் பெட்டியோடு வீட்டாரின் தலையில் இறங்கியது. அதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

கைத்தொலைபேசி வலையமைப்பின் சொந்தப் பூட்டும் இதனிடையே மாறியது. பழைய ஜிஎஸ்எம் முறையில் கோபுரம் தொலைபேசியைச் சோதிக்கும். கோபுரம் மெய்யானதா என்று தொலைபேசி சோதிக்காது. அதனால் போலிக் கோபுரம் வைப்பது சாத்தியமாயிற்று. 2009 டிசெம்பரில் கார்ஸ்டன் நோல் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் ஜிஎஸ்எம் உரையாடல்களின் மறைகுறியாக்கத்தை உடைக்கும் அட்டவணைகளை வெளிப்படுத்தினார். இருபுறமும் ஒன்றையொன்று சோதிக்கும் முறை 3ஜியில்தான் வந்தது.

வைஃபையின் பூட்டுகள்

வைஃபை உரிமக் கட்டணம் இல்லாத மீடிறன்களில் இயங்குகிறது. 1985இல் அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் அவற்றைப் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டது. 1997இல் முதல் தரநிலை வெளிவந்தபோது அதனோடு வெப் என்ற பூட்டும் வந்தது. ஒவ்வொரு பொதிக்கும் சேர்க்கும் மாறும் எண்ணுக்கு அதில் 24 பிட் இடந்தான், ஏறத்தாழ 1.67 கோடி எண்கள் தீர்ந்ததும் பழையது திரும்ப வரும். நெரிசலான வலையமைப்பில் அதற்கு அதிக நேரம் ஆகாது. 2001இல் ஃபுளூரர், மன்டின், ஷமீர் மூவரும் இன்னும் ஆழமான ஓட்டையைக் காட்டினர். அப்படியும் கடைகள் அதை விடவில்லை. விலை கொடுத்தது அமெரிக்காவின் டிஜேஎக்ஸ் வணிக நிறுவனம்: பலவீனமான வைஃபை வழியே புகுந்தவர்கள் 4.57 கோடி வங்கி அட்டைகளின் விவரங்களை அள்ளியது 2007இல் வெளிவந்தது.

2003இல் இடைக்கால மாற்றாக டபிள்யூபிஏவும், 2004இல் டபிள்யூபிஏ2வும் வந்தன. வாவிக் கரை வீடுகளில் றவுட்டர் நுழைந்தபோது இந்த இரண்டாவது பூட்டுத்தான் நடைமுறையில் இருந்தது. அது உறுதியானது, அதன் பலம் முழுவதும் கடவுச்சொல்லில் இருந்தது. றவுட்டரும் தொலைபேசியும் கைகுலுக்கும் கணத்தைப் பதிந்துகொண்டவர், பிறகு தன் வீட்டில் இருந்தே வேண்டியமட்டும் கடவுச்சொற்களைப் போட்டுப் பார்க்கலாம். நம் ஊரில் வீட்டுத் தொலைபேசி எண்ணையே கடவுச்சொல்லாக வைப்பது பெருவழக்கம். மட்டக்களப்பின் குறியீடு 065. அதன்பின் 7 இலக்கங்கள். ஆக அதிகபட்சம் 1 கோடி வாய்ப்புகள். விளையாட்டுக்கு வாங்கிய ஒரு கணினியின் வரைகலை அட்டை விநாடிக்குப் பல இலட்சம் சொற்களைச் சோதிக்கும் என்பதால் அந்தக் கடவுச்சொல் அரை நிமிடம் தாங்கினால் பெரிது. 07இல் தொடங்கும் கைத்தொலைபேசி எண்ணானால் சில நிமிடம். பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் இதைவிட மேல் என்று சொல்ல முடியாது. தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து எழுதிய நீண்ட தொடரை உடைக்க இதே அட்டைக்கு ஆயுள் போதாது.

கடவுச்சொல் தட்டச்சும் சிரமத்தைக் குறைக்க வந்த டபிள்யூபிஎஸ் வசதி வேறொரு ஓட்டையைத் திறந்தது. அதன் 8 இலக்க எண்ணைப் பெட்டி இரண்டு பாதிகளாகப் பிரித்துச் சோதிப்பதையும், கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண் என்பதையும் 2011இல் ஸ்டெஃபன் ஃபீபக் காட்டினார். 10 கோடி முயற்சி என்று நினைத்தது 11,000 முயற்சியாகச் சுருங்கியது. பழைய றவுட்டர் வைத்திருப்போர் அந்த வசதியை அணைத்துவிடுவதே நல்லது. வலையமைப்பின் பெயரை மறைத்து வைப்பதைப் பலர் பாதுகாப்பு என்று நம்புகிறார்கள். அது வீண், தொலைபேசிகள் இணையும்போது அந்தப் பெயரைத் தாமே வெளியே சொல்லிவிடும்.

றவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்கான தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவது மற்றொரு வாசல். 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல் செய்ததெல்லாம், அறுபதுக்குச் சற்று மேற்பட்ட தொழிற்சாலைக் கடவுச்சொற்களை வரிசையாகப் போட்டுப் பார்த்ததுதான். இலட்சக்கணக்கான கண்காணிப்புக் கமராக்களும் பெட்டிகளும் அதற்குள் விழுந்தன. கடைத்தெருவில் வரிசையாகக் கமரா மாட்டும் ஊர்களுக்கு இது தூரத்துச் செய்தியல்ல.

பாசிக்குடா விடுதிகள், தேநீர்க் கடைகள் போன்ற பொது இடங்களில் ஆபத்து வேறு வகையானது. அங்கே கடவுச்சொல் சுவரிலேயே எழுதப்பட்டிருக்கும். அதே பெயரில் இன்னொருவர் போலி வலையமைப்பு விரித்தால் தொலைபேசி வேறுபாடு அறியாது. ஆனால் கடந்த பத்தாண்டில் பெரும்பாலான தளங்கள் ‘எச்டிடிபிஎஸ்’ என்ற மறைகுறியாக்க முறைக்கு மாறியதால், வழியில் இருப்பவர் நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்று காணலாமே ஒழிய, எழுதுவதைப் படிக்க முடியாது. சான்றிதழ் பிழை என்று திரை எச்சரித்தும் அழுத்தித் தாண்டிச் செல்வோரே அங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான ஏற்பாடு பல்கலைக்கழகங்களில் உண்டு. ஐரோப்பாவில் தோன்றிய எடுரோம் முறையை இலங்கையில் லேர்ன் கல்வி வலையமைப்பு நடத்துகிறது. அதில் பொதுக் கடவுச்சொல்லே கிடையாது. ஒவ்வொருவரும் தம் சொந்தப் பெயராலும் கடவுச்சொல்லாலும் நுழைகிறார்கள். ஒருவர் வெளியேறினால் அவர் வாசலை மட்டும் மூடினால் போதும்.

தடையும் குறுக்குவழியும்

நிறுவன ஏற்பாடுகள் 2000களின் நடுப்பகுதியில் தொடங்கின. 2006இல் கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கையாளும் இலங்கை சேர்ட் அமைக்கப்பட்டது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் அனுமதியின்றி நுழைவதைக் குற்றமாக்கியது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் வந்தது.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று நாட்டில் நடந்த தொடர் குண்டுத் தாக்குதல்களுக்கு மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும் இலக்கானபோது அரசாங்கம் சமூக வலைத்தளங்களை முடக்கியது. முந்தைய ஆண்டு மார்ச்சிலும் இப்படி நடந்திருந்தது. தம் உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று வாட்ஸ்அப்பில் கேட்க வழியில்லாதவர்கள் கைக்கு அகப்பட்ட இலவச விபிஎன் செயலியை இறக்கினார்கள். குறை சொல்ல முடியாது. ஆனால் விபிஎன் என்பது உங்கள் போக்குவரத்து முழுவதையும் ஒரு நிறுவனத்தின் கையில் ஒப்படைப்பது. அவுஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வாளர்கள் 2016இல் அண்ட்ரொய்ட் விபிஎன் செயலிகள் 283ஐ ஆராய்ந்தபோது 38 சதவீதத்தில் தீநிரலின் அடையாளம் இருந்தது. 18 சதவீதம் எதையும் மறைகுறியாக்கவே இல்லை.

இன்று பலருக்கு இழப்பு வருவது வானலையை உடைத்து அல்ல. தெரிந்தவர் பெயரில் ஒரு செய்தி வந்து, ‘தவறுதலாக உங்களுக்கு ஒரு 6 இலக்க எண் அனுப்பிவிட்டேன், சொல்லுங்கள்’ என்கிறது. சொன்னவுடன் வாட்ஸ்அப் கணக்குக் கைமாறுகிறது. அடுத்து கத்தாரிலோ சவூதியிலோ இருக்கும் உறவினரிடம் அவர் பெயரிலேயே பணம் கேட்கப்படுகிறது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி வைத்தால் அந்த எண் மட்டும் போதாது.

2022 மின்வெட்டு, கம்பியில்லா இணையமும் மின்கம்பியை நம்பித்தான் நிற்கிறது என்பதைக் காட்டியது. மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்சாரம் நின்றபோது கோபுரங்களின் பற்றரிகளும் வற்றின. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. 2025 ஜூலையில் இலங்கையில் தொடங்கிய ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவைக்குக் கோபுரம் வேண்டாம், வானம் திறந்திருந்தால் போதும். மின்சாரம் அதற்கும் வேண்டும்.

2018இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூபிஏ3, கைகுலுக்கலைப் பதிந்துகொண்டு பிறகு சாவகாசமாக உடைக்கும் வழியை அடைக்கிறது. ஆயினும் அந்தப் பூட்டை அறியாத பழைய தொலைபேசி ஒன்று வீட்டில் இருந்தால் றவுட்டரைக் கலப்பு நிலையில் வைக்க வேண்டியிருக்கிறது. அந்நிலையில் டபிள்யூபிஏ2 வாசலும் திறந்தே இருக்கும். அதற்கும் அதே கடவுச்சொல்தான்.