பழுது பார்த்தலும் பாடம் பார்த்தலும்

சென்னையிலிருந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் செல்வோர் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் என்று வரிசையாக ஆலைகளைக் காண்பர். தெற்கே திரும்பினால் ஒரகடம். உடையவர் அவதரித்த ஊர் என்பது ஸ்ரீபெரும்புதூரின் பழம்பெருமை. கைப்பேசியும் மகிழுந்தும் கப்பலேறும் ஊர் என்பது இன்றைய அடையாளம். இங்கே உருவாகும் கருவிகளுக்குப் பாட்டன் முறையாகும் ஒரு பொறியைப் பற்றியும், அதைப் பழுது பார்க்கும் கலையைப் பற்றியும் இக்கட்டுரை பேசுகிறது. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்பது போகப்போக விளங்கும்.

அந்தப் பாட்டன், நிரல் ஏற்கும் மேசைக் கால்குலேட்டர். கூட்டல் கழித்தலோடு நில்லாமல், செய்யவேண்டிய படிகளை நினைவில் வைத்துக்கொண்டு தானே அடுத்தடுத்துச் செய்யும் பொறி அது. இத்தாலியின் இவ்ரேயா நகரில் ஒலிவெத்தி நிறுவனம் ஆக்கிய ப்ரோக்ராம்மா 101 அவ்வகையில் முன்னோடி. பியர் ஜார்ஜியோ பெரோத்தோ என்னும் பொறியாளரும் அவருடைய சிறு குழுவினரும் வடிவமைத்த இப்பொறி 1965இல் நியூயார்க் கண்காட்சியில் அறிமுகமானது. விலை 3,200 டாலர். அதன் நினைவகம் இன்றைய கணக்கில் சுமார் 240 பைட்டுகள் மட்டுமே. அதுவும் சில்லில் இல்லை. எஃகுக் கம்பிச் சுருளில் அதிர்வலைகளாக ஓடிக்கொண்டே இருப்பதுதான் நினைவு. கம்பியின் ஒரு முனையில் செலுத்திய துடிப்பு மறுமுனையை அடையும்போது, அதைப் பிடித்து மீண்டும் முதல் முனைக்கு அனுப்புவார்கள். ஓட்டம் நின்றால் நினைவும் போயிற்று. நிரலைக் காந்த அட்டையில் பதிந்து வைத்துக்கொள்ளலாம். நிலவுப் பயணத் திட்டத்துக்காக நாசாவும் இப்பொறிகளை வாங்கியது.

இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. 1964இல் ஒலிவெத்தி தன் மின்னணுப் பிரிவை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்துக்கு விற்றது. அப்போது இத்திட்டம் 'கணினி' என்னும் பட்டியலிலிருந்து 'கால்குலேட்டர்' என்னும் பட்டியலுக்குப் பெயர் மாற்றப்பட்டதால்தான் தப்பிப் பிழைத்தது என்று குழுவினர் பிற்காலத்தில் கூறியுள்ளனர். 1968இல் ஹியூலெட்-பக்கார்ட் வெளியிட்ட 9100ஏ என்னும் பொறிக்கும் இதே கதை. ஐபிஎம் கணினியின் தோற்றம் அதற்கில்லை; கணினி என்று அழைத்தால் வாங்குவோரின் கணினி வல்லுநர்கள் ஏற்கமாட்டார்கள் என்பதால் கால்குலேட்டர் என்றே அழைத்தார்கள். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்போருக்கு இவை இரண்டும் தக்க விடை.

9100ஏ பொறியைத் திறந்து பார்த்தால் வியப்பு மிகும். அதில் ஒருங்கிணைந்த சுற்று ஒன்றுகூட இல்லை. தனித்தனி டிரான்சிஸ்டர்களும் டையோடுகளும் காந்த வளைய நினைவகமும்தான் உள்ளன. நிலையான நினைவகமோ பதினாறு அடுக்குள்ள ஓர் அச்சுப்பலகை. 512 வரிகள், வரிக்கு 64 குறிகள் என்று 32,768 குறிகளைச் செம்புக் கோடுகளின் அமைப்பிலேயே எழுதிவைத்தார்கள். ஏட்டில் எழுத்தாணி கீறியதைப் போன்றது அது. மின்சாரம் போனாலும் எழுத்து அழியாது.

இத்தகைய பொறி ஒன்று ஐம்பதாண்டு கழித்துக் கிடைத்தால் உடனே மின்சாரத்தில் மாட்டக்கூடாது. மின்பகுப்பு மின்தேக்கிகள், நம் கடைக்காரர்கள் சொல்லும் 'கண்டென்சர்கள்', உலர்ந்து போயிருக்கும். எனவே முதலில் மின்வழங்கிப் பகுதியைத் தனியே பிரித்து, ஒவ்வொரு மின்னழுத்தத்தையும் அளந்து, சரியென்று கண்ட பிறகே மற்றப் பலகைகளை ஒவ்வொன்றாக இணைக்கவேண்டும். அடுத்த தொல்லை ரப்பர். காந்த அட்டையை இழுக்கும் உருளை காலப்போக்கில் இளகி, பசைக் குழம்பாகிவிடும். அதை வழித்தெடுத்து அதே விட்டத்தில் புதிய உருளை செய்து பொருத்தவேண்டும். அளவு பிசகினால் அட்டை செல்லும் வேகம் மாறும், பதிந்த நிரல் படிக்க வராது. பிறகு சுற்றுப்படத்தை விரித்துவைத்து, எந்த இடம்வரை குறிப்பலை சரியாக வருகிறது, எங்கே திரிகிறது என்று தடம் பிடிக்கவேண்டும். திரிந்த இடத்தில் ஒரு டிரான்சிஸ்டர் இறந்திருக்கும். நிகரான ஒன்றை வைத்துப் பற்றவைத்தால் பொறி உயிர்பெறும்.

தமிழ் படித்தவனுக்கு இதைக் கேட்கும்போது பதிப்பாசிரியர் நினைவே வருகிறது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் ஏடு ஏடாக ஒப்பிட்டு, செல்லரித்த இடத்துக்கு வேறு பிரதியில் பாடம் தேடி, பொருள் எங்கே முறிகிறது என்று பார்த்துப் பார்த்துச் சென்றார். தாமாக ஒரு சொல்லைப் புகுத்தவில்லை. நல்ல பழுது பார்ப்பவரும் அப்படித்தான்: பொறியை மேம்படுத்துவதில்லை, அதன் பாடத்தை மீட்கிறார். இரண்டுக்கும் மூலம் தெளிவாக இருக்கவேண்டும். ஏட்டுக்கு மாற்றுப் பிரதி, பொறிக்குச் சுற்றுப்படம்.

அந்தத் தெளிவு நெடுங்காலம் நீடிக்கவில்லை. ஜப்பானின் புசிகாம் நிறுவனம் தன் மேசைக் கால்குலேட்டருக்காக இன்டெல்லிடம் கேட்டுச் செய்வித்த 4004 என்னும் நுண்செயலி 1971இல் வெளிவந்தது. சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள் ஒரே சில்லுக்குள் அடங்கின. புசிகாம் 1974இல் நொடித்துப் போனது. சில்லோ உலகை ஆண்டது. இன்றைய கைப்பேசி அதன் வழித்தோன்றல். அதன்பின் டிரான்சிஸ்டரை மாற்றும் பேச்சே இல்லை. சில்லு போனால் அதே சில்லு வேண்டும். அது உற்பத்தியில் இல்லையென்றால் இன்னொரு பழைய பொறியைக் கொன்றுதான் இதைப் பிழைக்கவைக்கலாம்.

தமிழகத்துக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. சுவீடனின் ஃபேசிட் நிறுவனப் பெயர் தாங்கிய ஆலை ஒன்று சென்னைப் பெருங்குடியில் இயங்கியது. பல்சக்கரத்தால் ஓடும் ஃபேசிட் கணக்குப் பொறிகளை நம் வங்கிகளும் கல்லூரிப் புள்ளியியல் துறைகளும் நெடுங்காலம் நம்பியிருந்தன. மின்னணுக் கால்குலேட்டர் வந்ததும் தாய் நிறுவனமே ஆட்டங்கண்டு 1973இல் எலெக்ட்ரோலக்ஸ் வசமானது. நம்மவர் ஒருவர் இந்த மாற்றத்தின் மறுபக்கத்தில் நின்றார். திருச்செந்தூர்ப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து கோவையில் பொறியியல் கற்ற சிவ நாடார், டெல்லியில் டிசிஎம் நிறுவனத்தின் கால்குலேட்டர் பிரிவிலிருந்து நண்பர்களோடு விலகினார். 1970களின் நடுவில் மைக்ரோகாம்ப் என்ற பெயரில் கால்குலேட்டர் விற்றுத்தான் எச்சிஎல் நிறுவனத்துக்கு அடியிட்டார்.

கல்லூரி ஒன்றின் பண்டக அறையில் கழிவுப் பட்டியலில் சேர்ந்துவிட்ட ஃபேசிட் ஒன்றை அண்மையில் காண நேர்ந்தது. கைப்பிடி அசையவில்லை. காஞ்சிபுரத்தில் தட்டச்சுப் பொறி பழுது பார்த்துவந்த எழுபது வயதுப் பெரியவர் மேல்மூடியைக் கழற்றிப் பார்த்தார். "சார், மெஷின் கெடலை. எண்ணெய்தான் பிசினாயிடுச்சு" என்றார். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தூரிகையால் துலக்கி, மெல்லிய தையல்மெஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார். மூன்றாம் நாள் பொறி பெருக்கியது, வகுத்தது. அவருக்குப் பின் அத்தொழிலைக் கற்க அவர் வீட்டில் எவருமில்லை.

இனி ஸ்ரீபெரும்புதூருக்கு வருவோம். 2006இல் நோக்கியா ஆலை அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. கோடிக்கணக்கான கைப்பேசிகள் வெளியேறின. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், சிற்றூர்களிலிருந்து பேருந்தில் வந்து அவற்றைப் பொருத்தினர். வரி வழக்கில் சொத்துகள் முடக்கப்பட்டதால், 2014இல் கைப்பேசிப் பிரிவு மைக்ரோசாப்ட்டுக்குக் கைமாறியபோது இவ்வாலை அதில் சேரவில்லை. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. பின்னர் சால்காம்ப் நிறுவனம் வாங்க, அங்கே சார்ஜர்கள் உருவாகின்றன. கட்டடம் பிழைத்தது. அங்கே கற்ற கைத்திறன் எங்கே போயிற்று?

இவ்ரேயாவையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். அங்கும் ஒலிவெத்தியின் பேரரசு வீழ்ந்தது, வேலைகள் போயின. ஆனால் ப்ரோக்ராம்மா குழுவிலிருந்த கஸ்தோனே கர்சியேரா போன்றோர் முதுமையிலும் பழைய பொறிகளை ஓடவைத்து இளையோருக்குக் காட்டினர். 2018இல் அந்நகரை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. கோயிலையோ கோட்டையையோ கருதி அன்று, இருபதாம் நூற்றாண்டுத் தொழில்நகர் என்பதற்காக.

இந்திய அரசு 2022இல் பழுது பார்க்கும் உரிமைக்கென ஒரு குழு அமைத்தது. கைப்பேசியும் அதன் வரம்பில் உண்டு. நல்லதே. ஆயினும் உரிமை மட்டும் போதாது. சுற்றுப்படம் வெளியிடப்படவேண்டும், உதிரி உறுப்பு கிடைக்கவேண்டும், கற்றுத்தர ஒருவர் இருக்கவேண்டும். இம்மூன்றும் இருந்ததால்தான் 1968ஆம் ஆண்டுப் பொறி இன்றும் ஓடுகிறது. நம் ஊரில் 2010இல் பொருத்திய கைப்பேசி 2060இல் ஓடுமா என்றால், ஓடவைக்க வேண்டிய படங்கள் நம்மிடமில்லை. பொருத்திய கைகளோ நம்மிடையே இருக்கின்றன. அந்தப் பெண்கள் இப்போது முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருப்பர். வரிசையில் தம் இடம் எது, எந்தத் திருகை எந்த அழுத்தத்தில் முடுக்கினர், எந்தப் பிழையைக் கண்ணாலேயே கண்டுபிடித்தனர் என்பதை அவர்கள் சொல்ல, யாரேனும் எழுதிக்கொள்ளவேண்டும். ஏடு தேடி ஊர் ஊராக அலைந்தவரின் மொழி இது. இந்த ஏடுகளைத் தேட நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. வாலாஜாபாத், சுங்குவார்சத்திரம் பேருந்து நிறுத்தங்கள் போதும்.