ஜகல்கோரி 1953: புயலும் உலோகமும்

1953 மே 2 மாலை. கல்கத்தாவின் டம்டம் நிலையத்திலிருந்து தில்லி நோக்கிப் புறப்பட்ட பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தின் காமெட் விமானம் ஆறே நிமிடங்களில் தொடர்பை இழந்தது. சிங்கப்பூரிலிருந்து லண்டன் செல்லும் வழியில் இருந்த அவ்விமானம், ஜகல்கோரி என்னும் வங்கக் கிராமத்தின் அருகே சிதறி விழுந்தது. பயணிகள் 37 பேர், பணியாளர் 6 பேர் என 43 பேரும் மாண்டனர். உலகின் முதல் ஜெட் பயணியர் சேவை தொடங்கி அன்றோடு சரியாக ஓராண்டு நிறைவுற்றிருந்தது.

டி ஹாவிலாண்ட் நிறுவனம் உருவாக்கிய காமெட், பிரிட்டனின் தொழில்நுட்பப் பெருமிதத்தின் சின்னமாக விளங்கியது. 1952 ஆகஸ்டில் கொழும்புக்கும் அக்டோபரில் சிங்கப்பூருக்கும் அதன் சேவை நீண்டது. ஏர் இந்தியா இன்டர்நேஷனலும் அதன் பெரிய வடிவமான காமெட் 3 விமானங்களை வாங்க முன்வந்தது.

ஜகல்கோரி விபத்தை விசாரித்த இந்திய மன்றத்தின் முன் வலுவான ஒரு விளக்கம் இருந்தது. அது கால்பைசாகி எனப்படும் கோடை இடிப்புயலின் பருவம். இறக்கைகளற்ற விமானம் தீப்பற்றி வீழ்ந்ததைக் கண்டவர்கள் இருந்தனர். கடுங்காற்றின் வீச்சாலோ, அதில் விமானத்தைக் கட்டுப்படுத்தும் முயற்சியாலோ கட்டமைப்பு தாங்கொணா அழுத்தத்துக்கு உள்ளாகி முறிந்தது என்பது மன்றத்தின் முடிவு. சிதைவுகளை மேலும் நுணுகி ஆராய்ந்து, கட்டமைப்பில் மாற்றம் தேவையா எனக் காண வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. காமெட் சேவை தொடர்ந்தது.

1954 ஜனவரி 10 அன்று எல்பா தீவருகே ஒரு காமெட் கடலில் வீழ்ந்து 35 பேர் இறந்தனர். ஏப்ரல் 8 அன்று நேப்பிள்ஸ் அருகே மற்றொன்று வீழ்ந்து 21 பேர் இறந்தனர். இரண்டிலும் குற்றஞ்சாட்டப் புயல் இல்லை. விமானத்தின் பறப்புத் தகுதிச் சான்றிதழ் திரும்பப் பெறப்பட்டது. ஃபார்ன்பரோ ஆய்வகத்தில் ஒரு முழு விமானத்தின் உடற்பகுதியை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, பறத்தலின்போது ஏற்படும் உள்ளழுத்தம் மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கப்பட்டது. அது முன்பு பறந்த பறத்தல்களையும் சேர்த்து 3,057ஆம் சுழற்சியில் உடற்கூடு பிளந்தது. காரணம் உலோகச் சோர்வு.

தயாரிப்பாளர்கள் சோதிக்காமலில்லை. அவர்களது சோதனைப் பகுதி 16,000 சுழற்சிகளைக் கடந்தும் நின்றது. ஆனால் அதே பகுதி அதற்குமுன் இயல்பான அழுத்தத்தின் இருமடங்குக்கு உட்படுத்தப்பட்டிருந்தது. அம்மிகையழுத்தம் துளைகளின் ஓரத்து உலோகத்தை இறுக்கி, அதன் ஆயுளை நீட்டிவிட்டது. பயணிகளைச் சுமந்த விமானங்களுக்கு அந்த வலு வாய்க்கவில்லை. வலிமையை நிறுவ நடத்திய சோதனையே பலவீனத்தை மறைத்தது.

இந்த முடிவின் ஒளியில், பொதுவரலாறுகள் பல கல்கத்தா விபத்தையும் மூன்றில் முதலாவதாகச் சோர்வின் கணக்கில் எழுதிவிடுகின்றன. சான்றுகள் அதற்கு இடந்தரவில்லை. எல்பா, நேப்பிள்ஸ் விமானங்கள் பெரும் உயரத்தில், அறையழுத்த வேறுபாடு மிகுந்த நிலையில் சிதைந்தன. ஜகல்கோரி விமானமோ ஏறத் தொடங்கிய ஆறாம் நிமிடத்தில், அவ்வேறுபாடு இன்னும் குறைவாக இருந்த உயரத்தில் முறிந்தது. போதுமானதாகத் தோன்றிய புயல் விளக்கம் 1953இல் கேள்வியின் அவசரத்தைத் தணித்தது. போதுமானதாகத் தோன்றும் சோர்வு விளக்கத்தைப் பின்னோக்கிப் பொருத்துவதும் அதே பிழையின் மறுபக்கமே. மன்றத்தின் தீர்ப்பைக் காட்டிலும் அதன் பரிந்துரையே வரலாற்றாசிரியரின் கவனத்துக்கு உரியது. விடை கிடைத்த பின்னரும் உலோகத்தைத் திரும்பப் பார்க்கச் சொன்னது அது.

விளைவுகள் தெற்காசிய வானிலும் பதிந்தன. திருத்தப்பட்ட காமெட் 4 1958 அக்டோபரில் அட்லாண்டிக்கைக் கடந்தபோது, அதே மாதத்தில் போயிங் 707உம் அங்கு வந்துவிட்டது. 1960இல் ஏர் இந்தியா தன் ஜெட் யுகத்தை 707 கொண்டே தொடங்கியது. அவ்விமானங்களின் எஞ்சின்கள் மட்டும் பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் கான்வே. இந்தியன் ஏர்லைன்ஸ் 1964இல் பிரெஞ்சு காரவெல்லைப் பறக்கவிட்டது. அதன் மூக்குப்பகுதி காமெட்டின் வடிவமைப்பு. 1962இல் ஏர் சிலோன் பி.ஓ.ஏ.சி.யிடமிருந்து காமெட் 4ஐக் குத்தகைக்குப் பெற்றது. இவ்வாறு காமெட் கொழும்புக்கு இரண்டாம் முறை வந்தது, இம்முறை சோதித்துத் தேறிய உடலோடு.